அந்தப் பக்கத்து மணி

கம்ப்யூட்டரைப் போட்டதும் பத்து நொடிதான் கொடுக்கும். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது அவர் மனைவியுடையது. அடியில் ஒரு எண் பத்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும், அது தீர்வதற்குள் எதையும் அமுக்காவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். ஏழு வருடத்தில் வெள்ளிங்கிரி ஒரு தடவைகூட எதையும் அமுக்கியதில்லை. அமுக்கினால் கீழே இன்னொரு வரி இருப்பதைத் தான் பார்த்ததாக ஆகிவிடும் என்பதுபோல, மில் கேட்டில் மேனேஜர் கார் உள்ளே போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அப்படி அந்தப் பத்து நொடியும் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார். தாடைக்குக் கீழே சவரக் கத்தி கீறிய இடம் எரிந்தது, கை தானாக அங்கே போயிற்று, நேற்றுக் காலையில் கீறியது, ஒரு நாளில் ஆறிவிடும், ஆனால் தொட்டால் உடனே அந்தக் குரல் வந்துவிடுகிறது, அப்பாவுக்கு என்னாச்சு, அதைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தார், மூன்று, இரண்டு, ஒன்று, திறந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். மருதாத்தாள் பின்தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். ஒன்றரைக்குள் வந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு அவள் எந்த விசேஷ வீட்டில் இருந்தாலும் எழுந்து இந்த நாற்காலிக்கு வந்துவிடுவாள், ஆப்பிரிக்காவில் கானாவில் இருக்கும் பையனுக்கு அப்போதுதான் காலை எட்டு. அவள் வருவதற்குள் வியாழக்கிழமை தான் செய்ததை வெள்ளிங்கிரி அழித்துவிட வேண்டும். ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர் கையேட்டில் முப்பத்தாறாம் பக்கம், மூலை மடித்து வைத்திருந்தார். அன்றைக்குக் கடைசியில் ஒன்று என்று போட்டு அடித்தார், இன்றைக்கு ஒன்றுக்குப் பதில் பூஜ்யம் போட வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

எட்டாம் வகுப்போடு நின்றவர். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது, தொழிற்சங்க அலுவலகத்து மேசையில் மை காயாமல் கிடந்த தாள்களில், சிவப்பு அட்டை போட்ட சிறு வெளியீடுகளில். அதைச் சொல்லிச் சிரித்த வக்கீல்கள் உண்டு. அவர்கள் படித்த சட்டத்தைவிட தான் படித்த தாள் கெட்டியானது என்று இன்றைக்கும் நம்புகிறவர். அவர் எழுதிய முதல் துண்டறிக்கையே ஒரு கடிகாரத்தைப் பற்றியதுதான். மில்லில் வருகை பதிகிற டைம் ஆபீஸ் வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரம் காலையில் இரண்டு நிமிஷம் முந்தும், சாயங்காலம் இரண்டு நிமிஷம் பிந்தும். யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேசவில்லை. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷினில் ஒரு சைடு பார்க்கிற வெள்ளிங்கிரி, இருபத்திரண்டு வயது, மாமனார் கையில் இருந்த வாட்சை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு பத்தொன்பது நாள் குறித்து வைத்தார். ஆளுக்கு நாலு நிமிஷம், அறுநூறு பேர், நாளொன்றுக்கு நாற்பது மணி நேரம் நம் உடம்பிலிருந்து உருவிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதினார். பதினோரு நாள் வேலைநிறுத்தம். பன்னிரண்டாம் நாள் புதுக் கடிகாரம் வந்தது, அதை ஏணி வைத்து மாட்டியபோது கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள். இப்போது அந்த மில் இருந்த இடத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, கடிகாரம் எங்கே போயிற்றோ, கூட நின்று விசிலடித்தவர்களில் இரண்டு பேர் அந்தக் குடியிருப்பில் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்களாக இருக்கிறார்கள், வழியில் பார்த்தால் அண்ணா என்கிறார்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். போகட்டும். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டிலேயே ஒரு கடிகாரம் தப்பாக ஓடினால் எப்படிப் பொறுப்பார். கம்ப்யூட்டரில் அவள் திறக்கிற விண்டோஸ் பக்கத்தில் ஏழு வருடமாகத் தப்பாகத்தான் ஓடியது. பின்னால் போகும்போது வரும்போது கண்ணில் படும், இங்கே பகல் பன்னிரண்டு என்றால் அவள் திரையின் மூலையில் காலை ஆறரை. காசு கொடுத்து வாங்கின விண்டோசுக்கு மணி பார்க்கத் தெரியலையா என்று குத்திக்காட்டுவார். யாருக்கும் சொந்தமில்லாத, அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமான லினக்ஸ் அவருடையது, அது ஒரு நாளும் பிசகியதில்லை. அவள் சிரித்துக்கொண்டே, இருந்துட்டுப் போகட்டுமுங்க என்பாள். அந்தச் சிரிப்பை அவர் தோற்றவளின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார். ஏழு வருடம் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கையேட்டில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அவர் பக்கம் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, நம் ஊருக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். அவள் பக்கம் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே காட்டும். ஒரே கடிகாரம், பார்க்கிற கண்தான் இரண்டு. வழக்கமாக அவள் பக்கம் சில நாளில் தன்னையே திருத்திக்கொள்ளும், திருத்தவில்லை என்றால் அந்த வசதியை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். யாரோ. வியாழக்கிழமை அந்த வார்த்தையின் மேல் அவர் நிற்காமலே போய்விட்டார். ஒரு வரி அடித்தார், இரண்டு பக்கமும் உள்ளூர் நேரத்துக்கு வந்தது, வா வந்து பாரு என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார், உன்னுதும் இப்ப ஒழுங்காயிருச்சு என்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். வருத்தப்படுவாரென்று விட்டிருப்பாள், இவ்வளவு பெருமையாக நிற்கிறாரே என்று விட்டிருப்பாள். சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சரிங்க. அந்தச் சரிங்கவை அவர் இப்போது எடுத்துப் பார்க்கிறார், அதில் எவ்வளவு இருந்தது, ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிற காது, வீட்டில் அறுந்தது கேட்கவில்லை.

நேற்றுக் காலை எட்டேகால். கொல்லை வாசல் கதவில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். மருதாத்தாள் விடிய ஏதோ கெட்ட கனவு கண்டிருந்தாள், என்ன கனவென்று சொல்லவில்லை, காப்பியைக்கூடக் குடிக்காமல் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அவள் அப்படிக் காலையில் உட்காருவது புதிதல்ல. பல நாள் பார்த்திருக்கிறார், யாரையும் கூப்பிடாமல், எதையும் திறக்காமல் திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள், என்ன பண்றே, கரண்டு சும்மாவா வருது என்று கேட்டால், பையன் தூங்கறானுங்க என்பாள். கிறுக்கு என்று நினைத்துக்கொள்வார். கிறுக்கு யாருக்கு. நேற்றும் உட்கார்ந்தாள், மூலையில் எட்டேகால் என்று காட்டியது, இட்லி தின்னுக்கிட்டு இருப்பான் என்று எண்ணியிருப்பாள், வருடக்கணக்காக நம்பிய மூலை அல்லவா, வியாழக்கிழமை மாறியது கனவுப் பதற்றத்தில் மறந்திருக்கும், சுவரைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏன் தோன்றும். கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்தது. அப்புறம் தூக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த குரல், ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா. அப்பாவுக்கு என்னாச்சு?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அவள் பதறிச் சொன்னதும், இங்கே மணி மூணுகூட ஆகலம்மா என்று அவன் சொன்னதும், அப்புறம் அவன் ஒரு சத்தம் எழுப்பியதும் காதில் விழுந்தது, அது சிரிப்பா வேறேதுமா என்று கொல்லையிலிருந்து பிடிபடவில்லை. கத்தி தாடையில் இறங்கியிருந்தது, சோப்பு நுரை சிவப்பாகிக் கழுத்தில் வழிந்தது, அவர் துடைக்காமல் நின்றார். இதில் என்ன இருக்கிறது, அம்மா எதிரிலேயே பேசுகிறாள், அவளுக்கு என்னாச்சு என்று அவளிடமே கேட்பானா, மிச்சம் இருப்பது ஒரே ஆள், அவரைத்தான் கேட்பான், யாராக இருந்தாலும் கேட்பார்கள். நேற்றிலிருந்து பத்துத் தடவை இப்படி வாதாடி வென்றிருக்கிறார், கேட் மீட்டிங்கில் பேசினால் கைதட்டுவார்கள், அவ்வளவு கச்சிதமான வாதம். ஆனால் குரல். வாதத்துக்கு வெளியே அந்தக் குரல் நின்றுகொண்டே இருக்கிறது. அப்பா என்கிற வார்த்தையை அவன் ஏழு வருடமாக யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், வாயில் துரு ஏறாமல் எப்படி வைத்திருந்தான். மத்தியானம் கறிவேப்பிலை உருவிக்கொண்டே மருதாத்தாள் அவரைப் பார்க்காமல் சொன்னாள், கோபமே இல்லாமல் சொன்னாள், கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தார்.

"அது தப்பு மணி இல்லீங்க. அது நம்ம பையன் மணி. போகும்போது அவந்தான் அப்படி வெச்சுட்டுப் போனான்."

அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவிருக்கிறது, நினைவில்லை என்று வைத்திருந்தார், இருக்கிறது. பையன் செங்கதிர் கிளம்புவதற்கு முந்தின நாள். முன்னறையில் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இவர், உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் அவன். சங்கச் சம்மேளனத்தில் கொடுத்த லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து, இந்த வீட்டில் இதுதான் ஓடும் என்று இவர் சொல்லியிருந்தார். அதில் வீடியோக் காமெரா வேலை செய்யாது, அம்மா என்னைப் பார்க்கணுமே என்று அவன் அவளிடம் சொல்லியிருந்தான். ஆகவே பாதிப் பாதியாகப் பிரித்தான். சொத்துப் பிரிக்கிற மாதிரி, ஒருவர் வரப்பை ஒருவர் மிதிக்காமல். நடுவில் மருதாத்தாள் வந்து நின்று, உங்குளுது மேலயா கீழயான்னு கேக்கறானுங்க என்றாள். எங்கயோ வைக்கட்டும் என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. அவன் மேலே வைத்தான். கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனான், 1184, மில்லில் இவருடைய டோக்கன் நம்பர். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து, 1184 வெள்ளிங்கிரி என்று வாட்ச்மேனிடம் கத்துவான். ஏழு வருடமாகத் தினமும் அந்த எண்ணை அடித்துத்தான் உள்ளே போகிறார், அவன் கொடுத்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, தன் நம்பர் தன்னுடையது என்றே நினைத்தார். தன்னுடைய பெயரையும் அப்படித்தான். அவன் கிளம்புவதற்கு முன்னால் உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் நாற்பத்தொரு பெண்களை ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள், பட்டியலில் கையெழுத்துப் போட்டது ஷிப்ட் அதிகாரி வெ. செங்கதிர். துண்டறிக்கையில் பெயரைப் போட்டார். அச்சகத்தில் தயங்கித் தயங்கி, இனிஷியலையாவது எடுத்துரலாமுங்களாண்ணா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றார், வேறொரு அப்பன் பெற்ற பிள்ளையாக இருந்தால் போடுவேனா இல்லையா. மறுநாள் அந்த மில் கேட்டில் இவரே நின்று கொடுத்தார். ஷிப்ட் விட்டு வந்தவர்களோடு அவனும் வந்தான், கையை நீட்டினான், இவர் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே. அவன் படிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். எழுதியதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. இன்றைக்கும் எழுதுவார். ஆனால் அந்த மடிப்பு. கோபத்தில் கசக்கிப் போட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், கிழித்திருந்தால் இவரும் கத்தியிருப்பார், அவன் அதைப் பத்திரமாக மடித்தான், சாப்பாட்டுத் தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற பையன் மாதிரி. அதற்குப் பிறகு அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. அவன் கடல் தாண்டிப் போய் அங்கே ஒரு மில்லை ஓட்டுகிறான், அங்கேயும் கேட் இருக்கும், கேட்டுக்கு வெளியே யாராவது ஒரு வெள்ளிங்கிரி நின்று கத்துவான், கத்தட்டும், கத்த வேண்டும். எங்கே போனாலும் அவன் மணி மட்டும் இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளறையில், இவர் முதுகுக்குப் பின்னால். வெளியூர் போகிறவன் கடிகாரத்தை இங்கே விட்டுவிட்டுப் போனான், இவர் போய் அதைத் திருத்தினார்.

ஒன்று பத்து. அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து அடித்தார், ஒரு விரலால், கடைசியில் பூஜ்யம். கடவுச்சொல் கேட்டது. 1184. அடித்தது திரையில் தெரியாது, புள்ளிகூட வராது, இருட்டில் பேசுகிற மாதிரி. என்டரைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததா நடக்கவில்லையா. இந்தப் பக்கத்துக்கு அது ஒரு பழக்கம், செய்துவிட்டால் வாயைத் திறக்காது, செய்யாவிட்டால்தான் கத்தும், அதுவே இவருக்குப் பிடித்திருந்தது இத்தனை நாள், இன்றைக்கு மட்டும் ஏதாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. இங்கே எப்படியும் சரியான மணிதான் காட்டும். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதை நினைத்ததும் கையேட்டை மூடி, மறுபடியும் முப்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தார். அறுபத்தொன்பது வயதில் பயம். போலீஸ் வேனில் ஏறியிருக்கிறார், நாற்பத்தைந்து நாள் உள்ளே இருந்திருக்கிறார், ஒரு தடவையும் பயந்ததில்லை. பார்க்காமலே அணைத்துவிட்டுப் போகலாம். அவள் வந்து போட்டதும் தானே தெரிந்துகொள்வாள். ஆனால் பூஜ்யம் பலிக்காமல் போயிருந்தால், அவள் மறுபடியும் அந்த மூலையை நம்பி எந்த நேரத்திலாவது கூப்பிட்டால், அவன் மறுபடியும் தூக்கத்திலிருந்து எழுந்து அதே கேள்வியைக் கேட்டால். இல்லை, அதைவிட மோசம், அவள் இனிமேல் மூலையை நம்பவே மாட்டாள். காலையில் வந்து உட்கார மாட்டாள். விரல் விட்டு எண்ணிக் கழித்து, இப்ப ரெண்டே முக்கால், தூங்கறான் என்று கணக்காகச் சொல்வாள். கணக்கு வேறே, அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறே.

மறுதொடக்கம் கொடுத்தார். கறுப்பு. இரண்டு வரிகள். பத்து. கையைக் கட்டியிருந்தார், பழக்கம், அவிழ்த்தார். ஒன்பது. அம்புக்குறி போட்ட பட்டன் எங்கே, வலது பக்கம் அடியில் நாலு இருக்கிறது, அதில் கீழே பார்த்தது. எட்டு, ஏழு. எத்தனை முடிவுகளை இந்த எண் இறங்கி முடியட்டும் என்று விட்டிருக்கிறோம், நாமாக எடுத்தது என்று சொல்லிக்கொள்ளாமல், தானாக நடந்தது என்று. அவன் கிளம்பின அன்றைக்குக் காலையில் டாக்சி வாசலில் நின்றது, ஐந்து நிமிஷம் நின்றது, எதற்காக நின்றது என்று தெரியும், தெரிந்துதான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார். நாலு. விரல் பட்டனைத் தொட்டது. எண் நின்றுவிட்டது. அமுக்கினால் எண் நின்றுவிடும் என்பதே இவருக்கு இத்தனை வருடம் தெரியாது, அப்புறம் அவசரமே இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். வெளிச்சம் கீழ் வரிக்கு வந்திருந்தது. என்டர்.

ஏதோ மாளிகை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார், பகட்டும் மினுக்குமாக. வெறும் நீலம். இரண்டே இரண்டு சின்னப் படங்கள், ஒன்று பையனைக் கூப்பிடுவது, இன்னொன்று குப்பைக்கூடை. இவ்வளவுதானா அவள் பக்கம். இத்தனை வருடம் சண்டை போட்டது இந்த நீலத்தோடா. அப்புறம்தான் வலது மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோனார், கொண்டுபோகப் பயந்து கடைசியாகக் கொண்டுபோனார். சுவரில் ஒன்று இருபத்து நாலு. மூலையில் ஏழு ஐம்பத்து நாலு.

மூச்சு விட்டார். எழுந்து போய்விடலாம், வேலை முடிந்தது, அவள் வருவாள். எழவில்லை. நாற்காலியில் அவள் போட்டிருந்த பழைய துண்டு மடிப்பு, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்திருந்தது, அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. ஏழு ஐம்பத்தைந்து. பல் விளக்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைப்பானா, சின்னதில் ஓடுவான், இவர்தான் பிடித்து வைத்துத் தேய்ப்பார், கண் எரியுதுப்பா என்பான். அங்கே கடல் காற்று என்று அவள் சொல்லியிருக்கிறாள், யாரிடமோ சொல்வதுபோல இவர் காதில் விழும்படி சொல்வாள். ஏழு ஐம்பத்தேழு. இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கூப்பிடாமல், சத்தம் போடாமல், அவன் நேரம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு. இந்த ஊரில் எந்த மில் சங்கும் இவ்வளவு துல்லியமாக யாரையும் எழுப்பியதில்லை. ஏழு ஐம்பத்தொன்பது. வளைகாப்பில் பந்தி தாமதமாகியிருக்கும், எலுமிச்சஞ் சாதத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருப்பாள். எட்டு.

கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது. திரை நடுவில் ஒரு வட்டம், அதில் அவன் பெயர், கீழே பச்சையில் ஒரு பட்டனும் சிவப்பில் ஒரு பட்டனும். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள், அவன் கூப்பிட்டதில்லை, நேற்று நடந்ததில் பயந்திருப்பான், எட்டு ஆனதும் பொறுக்க முடியவில்லை. இதற்கும் எண் இறங்கும், கண்ணுக்குத் தெரியாத எண், எடுக்காவிட்டால் தானாக நின்றுவிடும், அவள் வந்து கூப்பிட்டுக்கொள்வாள், யாருடைய முடிவும் இல்லை, டாக்சி கிளம்பிப் போய்விடும். தாடை எரிந்தது. பச்சையை அமுக்கினார்.

அவனுக்குக் காது ஓரத்தில் நரைத்திருந்தது. இவருக்குக்கூட அந்த வயதில் நரைக்கவில்லை. பனியனோடு இருந்தான், பின்னால் ஜன்னலில் காலை வெயில், இங்கே பார்த்தறியாத ஏதோ ஒரு மரம். அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே இருந்தான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை," என்றார் வெள்ளிங்கிரி. கேட் மீட்டிங்கில் பேசிப் பேசித் தடித்த குரல், அதைச் சின்னதாக்கத் தெரியவில்லை. "அம்மா பின்தெருவுக்குப் போயிருக்கறா. வந்துருவா."

அவன் தலையாட்டினான். கண்ணை இவரிடமிருந்து எடுக்கவில்லை. வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது, கண்ணாடி வளையல் புதுசாகக் குலுங்குகிற சத்தம் கேட்டது, உள்ளறைக் கதவு வரைக்கும் வந்து அது நின்றுவிட்டது. அவள் உள்ளே வரவில்லை. இவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதைக் கேட்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது, நாற்பத்தொரு பெண்களில் இருந்தா, மடித்த தாளில் இருந்தா, குளியலறைத் தண்ணீரில் இருந்தா.

"அங்க மணி என்னாச்சு?" என்று கேட்டார்.

அவன் கையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பார்க்கிற சாக்கில் முகத்தையும் அதிலேயே துடைத்துக்கொண்டான்.

"எட்டு ரெண்டுங்கப்பா."

வெள்ளிங்கிரி கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு, திரையின் மூலையில் விரலை வைத்து, டைம் ஆபீஸ் கடிகாரத்தைப் பத்தொன்பது நாள் பார்த்தாரே அப்படிப் பார்த்தார்.

"இங்கயும் அதேதான்," என்றார்.